குமரேசன் மெசேஜ் இன்னும் வருகிறது

நான் அதட்டி வளர்த்த என் குமரேசனுக்கு,

காபி குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்த கையோடு கணினியைத் திறந்தேன். நீ பழக்கிவிட்ட முதல் வேலையைத்தான் இன்றும் முதலில் செய்தேன். நம் நிரலின், எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் பிரதியில் புதிய மாற்றம் ஏதும் உண்டா என்று என் பிரதிக்கு இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. வெயில் இப்போதே சுவரில் ஏறிவிட்டது. நீ இருந்திருந்தால் இந்நேரம் இரண்டாவது காபி கேட்டிருப்பாய்.

இந்தக் கடிதத்தை நித்யா நம் இணையப் பக்கத்தில் போடப்போகிறாள். "அத்தை, புதுசா நம்மளோட சேர வர்றவங்க படிக்கட்டும்" என்கிறாள். அதனால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். பிடிவாதத்தில் உன் மகள் உன்னையே உரித்து வைத்திருக்கிறாள். பொறுத்துக்கொள்.

நம் அருப்புக்கோட்டையில் குடிதண்ணீர் தினமும் வருவதில்லை என்பதை முதலில் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தெருவுக்குத் தெரு முறை உண்டு. ஒரு முறையைத் தவறவிட்டால் அடுத்த முறை வரும்வரை லாரியை எதிர்பார்த்துக் குடத்தோடு நிற்க வேண்டியதுதான். வால்வு திறக்கும் முருகனிடம் கேட்டு, முதல் நாள் சாயங்காலமே அந்தந்தத் தெருக்காரர்களின் போனுக்குச் செய்தி போகும்படி நீ ஒரு நிரல் எழுதினாய். ஊர் அதற்குத் தானாகவே பெயர் வைத்துக்கொண்டது. கடைத்தெருவில் "ஏலே, குமரேசன் மெசேஜு வந்துருச்சா?" என்று கேட்பார்கள். சிலர் சுருக்கி, "குமரேசன் வந்துட்டானா?" என்பார்கள். உயிரோடு இருப்பவனை இப்படியா மரியாதையில்லாமல் பேசுவது என்று அப்போது எனக்கு எரிச்சலாக இருக்கும். இப்போது அந்தக் கேள்வி காதில் விழுந்தால் சற்று நின்று கேட்டுவிட்டுத்தான் நகர்கிறேன்.

நான் இந்த வேலைக்குள் வந்ததே சண்டை போட்டுத்தான், நினைவிருக்கிறதா? உன் செய்தியில் ஒரு நாள் 'கிணத்து தெரு' என்று வந்தது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தி எத்தனையோ பிள்ளைகளின் தாளில் சிவப்பு மையால் சுழித்தவள் நான். உன் அத்தான் போன பிறகு இன்ஸ்டிட்யூட்டை மூடிவிட்டாலும் கண் மூடவில்லையே. நேராக உன் அறைக்கு வந்து நின்றேன். "அக்கா, திட்டாத. நீயே மாத்து" என்று நாற்காலியை என் பக்கம் தள்ளினாய்.

அதற்கு முன்னால் உன் கணினி இருந்த இருப்பையும் நான் மறக்கவில்லை. 'தெரு_புதுசு', 'தெரு_கடைசி', 'தெரு_கடைசி_இதுதான்'. எது உண்மையான கடைசி என்று உனக்கே தெரியாது. நித்யாதான் உன்னை உட்கார வைத்து, எல்லாவற்றையும் ரெப்போ என்ற ஒரே களஞ்சியத்தில் போட்டு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் கணக்கு வைக்கும் கிட் என்ற மென்பொருளைப் பழக்கினாள். அப்பனுக்கு மகள் சொல்லிக்கொடுத்தாள், நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். நம் வீட்டில் பாடம் எப்போதும் கீழிருந்துதான் மேலே வந்திருக்கிறது.

ஒரு மாற்றத்தைச் செய்து, எதற்காகச் செய்தோம் என்று ஒரு வரி எழுதிப் பதிந்துவைப்பது கமிட். நான் போட்ட முதல் கமிட்டில், கிணற்றுத் தெருவுக்கு ஏன் 'ற்று' வர வேண்டும் என்று ஆங்கிலத்தில் ஒரு பத்தி எழுதினேன். நீ படித்துவிட்டு, "அக்கா, இது கான்வென்ட்டுல மதருக்கு எழுதின லீவ் லெட்டரு" என்று சிரித்தாய். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "என்ன மாத்துனேங்கிறத கிட்டே காட்டிரும். ஏன் மாத்துனேங்கிறது ஒனக்கு மட்டுந்தான் தெரியும். அதை மட்டும் எழுது" என்றாய். நல்ல பாடம். மாணவிகளுக்கு இத்தனை சுருக்கமாக நான் ஒரு நாளும் சொன்னதில்லை.

எனக்கு ஒப்பாமல் இருந்தது ஒன்றுதான். கான்வென்ட்டில் நோட்டில் மை சொட்டினால் அந்தப் பக்கத்தையே திரும்ப எழுத வைப்பார்கள். தப்பு கண்ணில் படக்கூடாது. உன் ரெப்போவில் தப்பை அழிப்பதே கிடையாது. பழைய கமிட் அப்படியே இருக்கும், அதற்கு மேல் திருத்தும் கமிட் ஒன்று வரும்.

"அசிங்கமா இருக்காதாடா?" என்று கேட்டேன்.

"இருக்கத்தான் செய்யும். ஆனா எங்க தப்பாச்சுன்னு திரும்பிப் போய்ப் பாக்கலாம்ல" என்றாய்.

அப்போது எழுந்து போய்விட்டேன். இந்தக் கோடையில்தான் அதற்குப் பதில் கிடைத்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ராமலிங்கத்தை உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்குத் தெரியாது. நெசவாளர் காலனிக்காரர். சேலைக் கரைக்குக் கணினியில் டிசைன் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். தங்கமான மனிதர். நீ படுக்கையில் விழுந்த பிறகு, "அண்ணாச்சி, நீங்க ரெஸ்ட் எடுங்க, நான் பாத்துக்கிறேன்" என்று தானாக வந்து நம்மோடு சேர்ந்தவர். நீ போன பிறகு நானும் அவரும் நித்யாவும்தான் இதைப் பார்த்துக்கொள்கிறோம். அவர் வேலையில் ஒரே குறை, எதுவும் அழகாக இருக்க வேண்டும். கரையில் இடது பக்கம் ஒரு மாங்காய் இருந்தால் வலது பக்கமும் ஒன்று இருந்தே தீர வேண்டும்.

இந்தக் கோடையில் நெசவாளர் காலனிப் பக்கம் ரோட்டைத் தோண்டியதில் குழாய் உடைந்துவிட்டது. அந்த முறை மட்டும் தண்ணீர் காலனியைத் தாண்டி அடுத்த தெருவுக்குப் போகும் என்று முருகன் சொல்ல, ராமலிங்கம் சாயங்காலம் கடையிலிருந்தே அதைத் திருத்தினார். சரியான திருத்தம். திருத்தும்போது தெருப் பட்டியல் கண்ணில் பட்டிருக்கிறது. மேலத் தெரு, கிணற்றுத் தெரு, பள்ளிக்கூடத் தெரு, அம்மன் கோவில் தெரு என்று முன்னும் பின்னுமாக. அதை அகர வரிசையில் அடுக்கிவிட்டார். இரண்டையும் சேர்த்து ஒரே கமிட்டாக்கி, 'சரி செய்தது' என்று எழுதி, யாரிடமும் காட்டாமல் மெயினில் ஏற்றிவிட்டார். மெயின் என்பது ஊருக்குச் செய்தி போகும் முதன்மைக் கிளை. அங்கே ஏறியது உடனே நடக்கும்.

அந்தப் பட்டியல் தாறுமாறாக இல்லை என்பது உனக்குத் தெரியும். குழாயில் தண்ணீர் எந்தத் தெருவிலிருந்து எந்தத் தெருவுக்குப் போகிறதோ, அந்த வரிசையில் நீ அடுக்கியிருந்தாய். அதில் யார் எங்கே நிற்கிறார்களோ அதுதான் அவர்கள் முறை. ஆனால் குமரேசா, அதை ஏன் நீ எங்கேயும் எழுதி வைக்கவில்லை? தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று இந்த ஊரில் பிறந்தவனுக்குச் சொல்லவா வேண்டும் என்று நினைத்தாயா?

மறுநாள் விடியற்காலை மேலத் தெருவில் தண்ணீர் வந்து போயிருக்கிறது. அவர்களுக்குச் செய்தி போகவில்லை. செய்தி போன அம்மன் கோவில் தெருவில் குடங்களை வரிசை வைத்துவிட்டுக் காற்று வரும் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். எனக்கு இது எதுவும் தெரியாது. காபி குடித்துவிட்டு வழக்கம்போல என் பிரதிக்கு இழுத்தேன். 'சரி செய்தது' என்ற வரியைப் பார்த்து, எதைச் சரி செய்தார் இந்த மனுஷன் என்று முகம் சுளித்தேன். அவ்வளவுதான்.

சிறிது நேரத்தில் மேலத் தெரு செல்வி வாசலில் வந்து நின்றாள். நூல் மில்லில் ஷிப்ட் பார்ப்பவள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் பதிலுக்கு நானும் போட்டிருப்பேன்.

"டீச்சரம்மா, ஒங்க தம்பி மெசேஜு வரலேன்னா தண்ணி வராதுன்னுதான நாங்க நெனப்போம். நம்பி நைட் ஷிப்ட்டுக்குப் போயிட்டேன். வந்து பாத்தா தெருவே ஈரமாக் கெடக்கு, வீட்டுல ஒரு கொடம் இல்ல. இனி இத நம்பி ஒரு வேலையும் ஆகாது. பழையபடி வீட்டுக்கு ஒரு ஆளு குழாயப் பாத்துக்கிட்டே ஒக்கார வேண்டியதுதான்."

அவள் சொன்னதில் கடைசி வரிதான் எனக்குச் சுட்டது. வீட்டுக்கு ஒரு பெண் வேலையை விட்டுவிட்டுக் குழாயைப் பார்த்து உட்காரக்கூடாது என்பதற்காகத்தானே நீ இதை எழுதினாய்? அந்த நம்பிக்கை போனால் உன் பெயரில் என்ன மிச்சம்?

நம் தெருவுக்கு முந்தைய முறையில்தான் வந்திருந்தது. தொட்டி நிறைய இருந்தது. மேலத் தெருக்காரர்களைக் குடத்தோடு வரச் சொன்னேன். ஒருவர் பின் ஒருவராக நிற்க வைத்தேன். "டைப்பு பரீட்சைக்கு நிக்கிற மாதிரில்ல இருக்கு" என்று யாரோ பின்னால் சொல்லி, இரண்டு பேர் சிரித்தார்கள். காதில் விழாத மாதிரி இருந்துகொண்டேன். தொட்டி காலியான பிறகும் நான்கைந்து வீடு மிச்சம் இருந்தது. அவர்களுக்கு என்ன சொல்ல முடியும்? லாரிக்குப் போனார்கள்.

அதற்குள் பெங்களூரிலிருந்து நித்யா கூப்பிட்டாள். குரல் சரியில்லை.

"அத்தை, ரெப்போவைப் பாத்தீங்களா? அப்பா கடைசியா எழுதுனது ஒண்ணையும் காணோம்."

நடந்தது இதுதான். செல்வி ராமலிங்கத்தின் கடைக்கும் போன் போட்டதில் அவர் பயந்துபோயிருக்கிறார். தன் தப்பை யாரும் பார்ப்பதற்குள் துடைத்துவிட வேண்டும் என்று, பழைய கமிட் ஒன்றுக்குப் பின்னோக்கிப் போய், அதையே பொதுப் பிரதியின் மேல் வலுக்கட்டாயமாக ஏற்றிவிட்டார். கிட் அப்படி ஏற்ற விடாது. கட்டாயம் என்று தனியாகச் சொன்னால்தான் விடும். அவர் சொல்லிவிட்டார். பதற்றத்தில், ஒரு கமிட் பின்னால் போவதற்குப் பதிலாக ஒரு வருடம் பின்னால் போயிருக்கிறார். நீ தலையணையில் சாய்ந்துகொண்டு, நடுநடுவே கண்ணை மூடிக்கொண்டு எழுதினாயே, அத்தனையும் பொதுப் பிரதியில் இல்லை.

ராமலிங்கத்தின் பிரதியும் அவரோடு சேர்ந்து பின்னால் போய்விட்டது, நித்யாவிடம் இருந்த பிரதி அவளுடைய பழைய மடிக்கணினியோடு போய்விட்டது. அப்போது உன் குரல் நினைவுக்கு வந்தது. "காலையில எந்திரிச்சதும் இழுத்து வச்சிரு அக்கா. ஒன் பிரதின்னா பாதி இல்ல, மொத்தமும் இருக்கும். ஊரே அழிஞ்சாலும் ஒருத்தர்ட்ட இருந்தாப் போதும்." பால்காரரிடம் பால் வாங்குவது போல நான் தினமும் அதைச் செய்துவந்தது, நீ சொன்னாய் என்பதற்காக மட்டுமே. அது எதற்கு என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

"நித்யா, காலையில நான் இழுத்தேன். எல்லாம் என்கிட்ட இருக்கு" என்றேன்.

"அத்தை, இப்ப நான் சொல்றத மட்டும் டைப் பண்ணுங்க" என்றாள். அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை. என் பிரதியைப் பொதுப் பிரதிக்கு ஏற்றியதும் உன்னுடைய அத்தனை கமிட்டும் வரிசையாக அதனதன் இடத்தில் வந்து நின்றன. கூடவே ராமலிங்கத்தின் 'சரி செய்தது'ம் வந்தது.

அடுத்து அதை எதிர்க் கமிட் போட்டுத் திருப்பினோம். இங்கேதான் உன் இன்னொரு பாடம். ஒரு கமிட்டில் ஒரு வேலைதான் இருக்க வேண்டும் என்பாய். அவர் இரண்டை ஒன்றாகக் கட்டிவிட்டதால், தப்பான அகர வரிசையைத் திருப்பியபோது சரியான காலனித் திருத்தமும் சேர்ந்து போய்விட்டது. அதை மறுபடி தனியாகப் போட வேண்டி வந்தது. தனித்தனியாக இருந்திருந்தால் ஒன்றை மட்டும் உருவியிருக்கலாம். அன்று சாயங்காலம் சரியான தெருவுக்குச் செய்தி போனது.

செய்தி போன பிறகு ராமலிங்கம் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றார். வீட்டில் பேசும் கன்னடத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டார். பிறகு தமிழுக்கு வந்தார்.

"டீச்சரம்மா, ஒரே ஒரு உதவி. அந்தக் கமிட்டுல என் பேரு இருக்கு. அது மட்டும் இல்லாமப் பண்ணிருங்க. நாளப்பின்ன யாரும் பாத்தா, அண்ணாச்சி செஞ்சு வச்சத இந்தப் பயதான் கெடுத்தான்னு சொல்லுவாக."

"ஏன் அகர வரிசையில அடுக்குனீங்க?" என்று கேட்டேன்.

தயங்கினார். "நீங்கதான டீச்சரம்மா, பட்டியலப் பாத்து, என்ன இது சந்தைக்கடை மாதிரி கெடக்குன்னு சொன்னீக. அடுக்கி வச்சா ஒங்களுக்குப் பிடிக்கும்னு நெனச்சேன்."

சொன்னேன்தான், குமரேசா. முந்தின வாரம்தான் சொன்னேன். அகர வரிசை தெரியாதவனா என் தம்பி என்றுகூடச் சொன்னேன்.

அவரை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். உன் பழைய கமிட்டுகளைத் திறந்து ஒன்றைக் காட்டினேன். 'ரெண்டு தெரு மாறிப்போச்சு. தப்பு என்னுது. திருப்பி வைக்கிறேன்.' அதற்குக் கீழே இன்னொன்று. செய்தி அனுப்பும் கடவுச்சொல்லை நீ ரெப்போவிலேயே எழுதி ஏற்றிவிட்டு, நித்யாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. 'கடவுச்சொல்லை இங்கே வைத்தது என் புத்திகெட்ட வேலை. எடுத்தாலும் பழைய கமிட்டில் இருக்கும் என்பதால் கடவுச்சொல்லையே மாற்றிவிட்டேன்' என்று ஊர் பார்க்க எழுதி வைத்திருக்கிறாய். ராமலிங்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"அண்ணாச்சியே இப்பிடியா?"

"அவன் பேரு அங்க நிக்கிதுல்ல? ஒங்க பேரும் அதுக்குக் கீழ நிக்கட்டும்" என்றேன்.

காபி கொடுத்தேன், குடித்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு, பட்டியல் இருக்கும் கோப்பின் தலையில் ஒரு குறிப்பு எழுதினேன்: 'இந்த வரிசை தண்ணீர் ஓடும் வரிசை. அழகுக்காக மாற்றக்கூடாது.' கமிட்டில் காரணத்தையும் எழுதினேன்: 'பட்டியல் சந்தைக்கடை போல இருக்கிறது என்று நான் சொன்னதை நம்பி அடுக்கினார். இனி யாரும் அடுக்காமல் இருக்க.' என் பெயரும் அங்கே நிற்கிறது. மதர் பார்த்தால் நோட்டையே மாற்றச் சொல்லியிருப்பார்.

அதன் பிறகு சில கட்டுப்பாடுகள் வைத்துக்கொண்டோம். மெயினில் இனி யாரும் நேராக ஏற்ற முடியாது. நித்யா பூட்டுப் போட்டுவிட்டாள். கட்டாயமாக ஏற்றும் வழியும் அடைபட்டது. யாராக இருந்தாலும் மெயினைத் தொடாமல் தனியாக ஒரு கிளை பிரித்து, அதில் மாற்றத்தைச் செய்து, இன்னொருவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் இணைக்க வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது, நிரலை எப்படி ஓட்டிச் சோதித்துவிட்டு அனுப்ப வேண்டும் என்று புதிதாக வருகிறவருக்கு ஒரு பக்கம் தமிழில் எழுதி முகப்பில் வைத்திருக்கிறேன். அதில் எழுத்துப்பிழை இல்லை.

என் மாற்றங்களைப் பார்ப்பவர் ராமலிங்கம். முதலில் நான் அனுப்பியதையே திருப்பி அனுப்பிவிட்டார். "டீச்சரம்மா, இதுல ரெண்டு வேல இருக்கு. பிரிச்சு அனுப்புங்க." எனக்குச் சுருக்கென்றது. பிரித்துப் பார்த்தேன். இரண்டுதான். பிரித்து அனுப்பினேன்.

செல்வியைக் கேட்கிறாயா? அடுத்த முறை செய்தி போயும் அவள் நம்பவில்லை. லீவு போட்டுவிட்டுக் குழாயடியிலேயே உட்கார்ந்திருந்தாள். சொன்ன நேரத்துக்குத் தண்ணீர் வந்தது. அதற்கடுத்த முறையும் அப்படித்தான். போன முறை, தண்ணீர் பிடித்து வைக்கச் சொல்லி ஓஸ் குழாயை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு மில்லுக்குப் போய்விட்டாளாம். அவளே சொல்லவில்லை, அடுத்த வீட்டுக்காரி சொன்னாள். அன்று முழுக்க எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. வேலை முடிந்து மெயினில் இணைந்துவிட்ட கிளைகளை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது, அழித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் எது உயிரோடு இருக்கிறது என்று தெரியாமல் போகும் என்பாய். நித்யா எல்லாவற்றையும் துப்புரவாக்கினாள். ஒரே ஒரு கிளையில் வந்து நின்று, "அத்தை, இது?" என்றாள். அதற்குத் 'திருச்சுழி' என்று பெயர் வைத்திருந்தாய். உனக்கு உடம்பு சரியில்லை என்று தெரிவதற்கு முன்பே பிரித்த கிளை. திருச்சுழியைச் சுற்றியுள்ள பரளச்சி, எம்.ரெட்டியபட்டிப் பக்கமெல்லாம் செய்தி போக வேண்டும் என்று தொடங்கியிருக்கிறாய். அதில் உன் கடைசி வரி: 'பரளச்சி பாதி. மீதி நேரில் போய்க் கேட்கணும்.'

நீ ஏன் போகவில்லை? பஸ் ஏற முடியாத அளவுக்கு அப்போதே வலித்ததா? என்னிடம் ஏன் சொல்லவில்லை?

பல நாள் அந்தக் கிளையைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டிருந்தேன். அது அப்படியே இருந்தால் நீ எங்கேயோ பாதி வேலையில் எழுந்து போயிருக்கிறாய் என்பது போல ஒரு நினைப்பு. போன வாரம் செல்வியிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். "எங்கம்மா வீடு பரளச்சிதான டீச்சரம்மா. பைப்பு எப்ப வரும்னு கேட்டா அங்க ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாக. வாங்க, நானும் கூட வாரேன்" என்றாள். வெள்ளிக்கிழமை அவளுக்கு வார விடுமுறை. காலை பஸ்ஸில் போகிறோம்.

கிளை பழசாகிவிட்டது. மெயின் வெகு தூரம் வந்துவிட்டது. முதலில் மெயினில் நடந்ததையெல்லாம் அதற்குள் கொண்டுவர வேண்டும். நீ எழுதியதும் நாங்கள் எழுதியதும் மோதும் இடங்கள் வரும். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து, எது நிற்க வேண்டும் என்று நான் முடிவு செய்வேன். சில இடத்தில் உன்னுடையது போகும். கோபித்துக்கொள்ளாதே. ராமலிங்கம் பார்ப்பார், நித்யா பார்ப்பாள், பிறகு இணைப்போம்.

இணைந்ததும் அந்தக் கிளையை என் கையாலேயே அழிப்பேன். இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு. இணைக்கும்போது எழுத வேண்டிய வரியையும் யோசித்து வைத்துவிட்டேன். நீளமாக இல்லை, பயப்படாதே.

'பரளச்சி முழுவதும். நேரில் போய்க் கேட்டாயிற்று.'

உன் கமிட்டுகளைப் படித்துக்கொண்டிருக்கும்
உன் அக்கா,
சௌந்தரம்